ரேகை பொருந்தவில்லை

செல்போன் திறக்கவில்லை. அன்று காலை நடந்தது அவ்வளவுதான், இதற்கெல்லாம் யாரும் பயப்பட மாட்டார்கள். திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் வலது கட்டைவிரலைப் போனில் வைத்தாள். போன் லேசாக உதறிவிட்டுப் பூட்டியபடியே கிடந்தது. ஈரக்கை என்று நினைத்துக் கைக்குட்டையில் துடைத்து மறுபடி வைத்தாள், மறுபடியும் அதே உதறல். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் விரலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் நுனியில் கோடுகள் இல்லை என்பது தெரிந்தது. வெட்டில்லை, கொப்புளமில்லை, தோல் உரிந்த அடையாளமும் இல்லை. பல நாள் கையில் புரண்ட சோப்புத் துண்டைப் போல வழவழவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். சற்றுமுன் குளித்துவிட்டு வந்த கையிலிருந்து பாலிஷ் மெழுகின் வாசனை வந்தது.

"என்ன, விரலை மோந்து பாத்துட்டு நிக்கிற?" என்றான் கணவன், வேலைக்கு ஆள் தேவை விளம்பரங்களிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல. போன் மக்கர் பண்ணுது."

"இந்த வீட்டுல உன்னைத் தவிர எல்லாமே மக்கர்தான். என்னையும் சேத்து."

அவன் நல்ல கடைசல்காரன். அவன் வேலை பார்த்த பட்டறையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குமுன் அவன் பேச்சில் முள் இருந்ததில்லை. இப்போது வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவளுடையதுதான், அதுவும் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்.

அவள் குழாய்க் கம்பெனியின் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பதிவு வைப்பது வேலை, அதனால் தொழிலாளர்களுக்கெல்லாம் அவள் டைம் அக்கா. அங்கே செய்தது பித்தளைத் தண்ணீர்க் குழாய்கள். திருகினால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும், அதைச் செய்ய முந்நூற்று நாற்பது பேர். வேறெங்கோ இதைவிட மலிவாகச் செய்கிறார்களாம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் கம்பெனி முந்நூற்று நாற்பது பேரையும் கைகழுவிவிட்டது. இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஷெட்டுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி, ஆபீஸ் பக்கம் மட்டும் விட்டுவைத்தார்கள். மிஞ்சியது வாசலில் ஒரு வாட்ச்மேன், உள்ளே ஃபைல்களை மூட இவள், ஆபீஸிலிருந்து ஷெட்டுக்குப் போகும் நடையில் சுவரோடு மாட்டிய கைரேகை இயந்திரம். மாதக் கடைசிக்குள் எல்லா ஃபைலையும் சுத்தமாக மூடிக் கொடுத்தால் வேறு கிளையில் ஓர் இடம் தருவதாக ஹெட் ஆபீஸ் மேனேஜர் சொல்லியிருந்தார்.

முந்நூற்று முப்பது ஃபைல்களை மூடியாகிவிட்டது. பத்து மட்டும் திறந்து கிடந்தன. அந்தப் பத்தைப் பற்றி அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

குழாய் பளபளக்க வேண்டுமென்றால் சுற்றுகிற துணிச்சக்கரத்தில் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். கையுறை போட்டால் சக்கரம் கையுறையை இழுக்கும், கையுறை கையை இழுக்கும், ஆகவே வெறும் விரல்தான். பத்து வருஷத்தில் குழாயோடு சேர்ந்து விரலும் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிடும். நாலு வருஷத்துக்கு முன் கைரேகை இயந்திரம் வந்தபோது பாலிஷ் செக்‌ஷன் பத்துப் பேரை அது ஆளாகவே மதிக்கவில்லை. மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும் என்று பதிவு செய்து வைத்த பெண்குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை கத்தும். இவர்கள் விரலைக் காற்சட்டையில் தேய்ப்பார்கள், எச்சில் தொட்டு வைப்பார்கள், ஊதிப் பார்ப்பார்கள். கடைசியில் அரைநாள் சம்பளம் போகும். அவள் ஹெட் ஆபீஸுக்கு மூன்று கடிதம் எழுதினாள். தொழிலாளர்கள் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு வர அறிவுறுத்தவும் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் படித்த கோபத்தில் ஒரு காரியம் செய்தாள். பத்துப் பேரின் எண்களுக்கும் தன்னுடைய பத்து விரல்களையே பதிந்து வைத்துவிட்டாள். வலது கட்டைவிரல் தடிக்கண்ணாடி போட்ட சோடாபுட்டிக்கு. ஆள்காட்டி வாய் ஓயாத ரேடியோவுக்கு. அப்படியே வரிசையாகப் போய் இடது சுண்டுவிரல் மாப்பிள்ளைக்கு. கல்யாணமான மறுநாளே வேலையில் சேர்ந்ததால் வந்த பெயர், இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் அவனை விடவில்லை. இரண்டு மணி ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இயந்திரத்தைத் துடைக்கிற சாக்கில் போய் நிற்பாள். பத்துப் பேரும் உள்ளே போவதைக் கண்ணால் எண்ணிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக வைப்பாள். இயந்திரம் பத்துத் தடவை நன்றி சொல்லும். வராத ஆளுக்கு ஒரு நாள்கூட விரல் வைத்ததில்லை. "எங்க பொழப்பே அக்கா கையிலதான் இருக்கு" என்று ரேடியோ ஊரைக் கூட்டுகிற மாதிரிச் சொல்வான், அவள் வாயைப் பொத்தச் சொல்லிச் சைகை காட்டுவாள். நல்ல காரியம் செய்கிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்ததை மறைப்பானேன்.

கம்பெனி மூடியதும் அந்த நல்ல காரியமே பத்துப் பேர் தலையிலும் கல்லைப் போட்டது. செட்டில்மென்ட் பணத்தை ஹெட் ஆபீஸ் கவுன்டரில் கைரேகை பார்த்துத்தான் கொடுத்தார்கள். நாலு வருஷமாக ஒழுங்காகப் பொருந்திய ரேகை இன்றைக்கு மட்டும் பொருந்தவில்லை என்றால், வந்திருப்பது வேறு ஆள். ஆள்மாறாட்டம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த ரேகை என்னுடையது என்று அவள் ஒரு கடிதம் எழுதி, விரலை வைத்துக் காட்டினால் முடிந்தது, பத்துப் பேருக்கும் பணம் வந்துவிடும். எழுதினால் நாலு வருஷம் கள்ள வருகை போட்டவள் என்று அவள் பெயர் கெடும், வேறு கிளை இடம் போகும், போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம்.

பத்துப் பேரிடமும் "பாக்கறேன்" என்றாள்.

சோடாபுட்டி ஏழு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் மேஜைக்கு எதிரே அதே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு வரி எழுதினாப் போதும் அக்கா."

"இந்த வாரம் கண்டிப்பா எழுதிடறேன் அண்ணா."

"எனக்குப் புரியுதும்மா. உங்களுக்கும் புள்ளை இருக்கு."

திட்டியிருந்தால் தேவலை. ஏழாவது தடவை வந்தபோது அவருக்குக் கால் வீங்கியிருந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாக, பேப்பர் வாங்குவதை நிறுத்தியதைச் சொல்வது போலச் சொன்னார். ஒரு சனிக்கிழமை செத்துப்போனார், ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். துவைக்கத் துணி இருக்கிறது என்று சொல்லி அவள் போகவில்லை. மறுநாள்தான் கட்டைவிரலில் கோடுகள் போயிருந்தன.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸில் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. வெளியே மேகம் கவிந்து, பட்டப்பகலிலேயே டியூப்லைட் போட வேண்டியிருந்தது. அது ஒரு ஓரத்தில் ஙொய்யென்று இரைந்துகொண்டிருந்தது, கூரைத் தகரம் எங்கோ ஒரு மூலையில் சூடு குறைந்து டக்கென்று சுருங்கியது, காலி ஷெட்டிலிருந்து நடை வழியாகப் பழைய எண்ணெயும் பித்தளைத் தூளும் கலந்த காற்று கதவிடுக்கில் நுழைந்து அவள் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. முந்நூற்று நாற்பது பேர் இருந்த இடத்தில் சத்தமே இல்லாவிட்டால் காது தானாக எதையாவது தேடும். அவள் விரலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது நடையிலிருந்து குரல் வந்தது.

"நன்றி."

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு எழுந்துபோனாள். நடையில் யாருமில்லை. ஷெட்டுக்குப் போகும் இரும்புக் கதவு பூட்டியிருந்தது, சாவி அவள் இடுப்பில் இருந்தது. இயந்திரத்தின் சின்னத் திரையில் சோடாபுட்டியின் படம், அவர் எண், மணி ஒன்று ஐம்பது. விரல் வைக்கும் கண்ணாடியில் கறுப்பாக நீள்வட்டமாக ஒரு கறை. குனிந்து பார்த்தாள். அந்தக் கறையில் ஒரு கோடுகூட இல்லை.

வாசலுக்கு ஓடி வாட்ச்மேனைக் கேட்டாள். "யாராவது உள்ள வந்தாங்களா?"

"இங்க யாரும்மா வரப்போறா" என்றார் அவர். "நானே எப்ப வெளிய போறதுன்னு பாத்துட்டு இருக்கேன்."

புதன்கிழமை ஆள்காட்டி விரல் போனது. பகலில் நடையிலிருந்து இரண்டு நன்றி கேட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ வீட்டுக்குப் போன் போட்டாள். அவன் மனைவி எடுத்தாள்.

"அவர் பேசறதில்லக்கா. மூணு நாளாச்சு. சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கார், சோறு வச்சா திங்கறார், கேட்டா பதில் இல்ல. நீங்க ஒரு வார்த்தை பேசுங்க, நீங்க சொன்னா கேப்பார்." போனை அவன் காதில் வைத்திருப்பாள் போல. மூச்சு கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால், வெகு தூரத்தில், துணிச்சக்கரம் சுழன்று வேகமெடுக்கும் உறுமல் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

நடுவிரலுக்கு உரிய ஆள் வீட்டை விட்டுக் கிளம்பி எங்கே போனான் என்று தெரியவில்லையாம். மோதிரவிரல்காரன் கட்டட வேலைக்குப் போன இரண்டாம் நாள் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். அதற்குமேல் அவள் யாரையும் போனில் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துபோனது. காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள்ளேயே விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பாள். புதிதாக ஒன்று வழுக்கினால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு ஆள் முடிந்துபோனான் என்று அர்த்தம்.

கணக்கு இன்னொன்றும் இருந்தது, அதுதான் அவளை ராத்திரியெல்லாம் புரட்டியது. ஒரு விரலில் ரேகை இருக்கிற வரைக்கும்தான் அந்த ஆளுக்காக அவள் நிரூபிக்க முடியும். விரல் வழுக்கிவிட்டால் உலகத்தில் அவனுக்குச் சாட்சியே கிடையாது. பத்தும் வழுக்கிவிட்டாலோ, அவள் செய்த தப்புக்கும் சாட்சி கிடையாது. ஃபைல் சுத்தம். வேறு கிளையில் இடம். அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்கத்தான் அவளுக்கு நன்றாக வந்தது, மூன்று மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

ஏழு விரல் போன அன்று காலை மகளுக்குத் தலை சீவ உட்கார்ந்தாள். கழுத்தில் கை பட்டதும் பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு விலகினாள்.

"உன் கை வேண்டாம்மா."

"ஏன்டி?"

"வேற யாரோ தொடற மாதிரி இருக்கு."

கணவன் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். இருபது வருஷம் இரும்போடு கிடந்தவன், கைகளைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவான். நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது. விரல் நுனிகள் தட்டையாகி மினுங்கின.

"இது பாலிஷ்காரன் கை" என்றான். பிடித்த கையைக் கீழே வைத்தான், சூடானதை வைப்பது போல. "என்ன பண்ற நீ அங்க?"

"ஃபைல் மூடறேன்."

"சீக்கிரம் மூடு. இந்த மாசம் தாண்டிட்டாத் தப்பிச்சோம். நீயும் என்னை மாதிரி வீட்டுல உக்காந்தா இந்தப் பொண்ணு என்ன ஆவும்னு யோசி." குரலில் முள் இல்லை. கெஞ்சினான். அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை, சீப்பை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் எட்டாவது. அதற்கு மறுநாள் ஒன்பதாவது. மதியம் ஒன்பது நன்றிகள், நிதானமாக, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு ஆள் நகர்ந்து நிற்கிற இடைவெளி விட்டு. அவள் காதைப் பொத்திக்கொண்டு மேஜையில் கவிழ்ந்து கிடந்தாள். வழுவழுத்த விரல்கள் அவள் காதுமடலிலேயே பிடிமானம் இல்லாமல் நழுவின.

அன்று சாயங்காலம் வாசலில் மாப்பிள்ளை நின்றான். உள்ளே வரவில்லை. சைக்கிளில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு பிள்ளைகள் இருந்தன.

"ஒண்ணும் கேக்க வரலக்கா" என்றான். "வீட்டைக் காலி பண்ணிட்டோம். போற வழி இது, அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

"எங்க போற?"

"தெரியலக்கா. போய்ப் பாத்தாத்தான்." சிரிக்க முயன்றான். "நீங்க இத்தனை நாள் போட்ட வருகைக்கே நாங்க கடன்பட்டவங்க."

அவள் வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க இடது சுண்டுவிரலை மற்றக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தாள். அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. விடிந்ததும் பார்த்தாள். சுண்டுவிரலில் கோடுகள் இருந்தன, சின்னச் சின்ன வளையமாக, அத்தனையும். ஒருவனையாவது கரையேற்றலாம் என்று எழுந்து உட்கார்ந்தாள்.

ஆபீஸுக்குப் போனதும் கடிதத்தை எழுதினாள், ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல். பேனா மூன்று தடவை கையிலிருந்து வழுக்கியது. அனுப்பிவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் படித்துவிட்டு எழுந்துபோய்த் தன் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா மேடம்? மாசக் கடைசிக்கு மூணு நாள் இருக்கு."

"மத்த ஒன்பதையும் என்னால காட்ட முடியாது சார். ஒண்ணு இருக்கு. இடது சுண்டுவிரல். அது பொருந்தினா, மத்ததும் அப்படித்தான்னு நீங்க நம்பணும்."

"வீடியோவுல வாங்க. நீங்க விரல் வைக்கறதை நான் பாக்கணும். பதிவு இங்க என் கம்ப்யூட்டர்ல விழும்."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் தன் காலடியே அவளுக்குக் கேட்கவில்லை. நடையின் விளக்கு மங்கலாக எரிந்தது, சுவரின் கீழ்ப்பாதி ஈரத்தில் கறுத்திருந்தது, மெழுகு வாசனை மூச்சுக்குள் இறங்கி நாக்கில் பித்தளைச் சுவையாகப் படிந்தது. ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து நிறுத்தினாள். மேனேஜரின் முகம் அதில் சின்னதாகத் தெரிந்தது. மணியைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. வேண்டுமென்று அந்த நேரத்துக்கு வரவில்லை.

சுண்டுவிரலை வைத்தாள்.

"நன்றி."

திரையில் மாப்பிள்ளை. பத்து வயது குறைந்த மாப்பிள்ளை, வேலையில் சேர்ந்த முதல் நாள் படமெடுத்தபோது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்ட மாப்பிள்ளை. "பாத்தீங்களா சார்" என்றாள்.

"விழுந்துடுச்சு" என்றார் மேனேஜர். "சரி. அப்ப நீங்க சொல்றது..."

"நன்றி."

விரலை எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள்.

"நன்றி." திரையில் படம் மாறியது. "நன்றி." மறுபடி மாறியது. கண்ணாடியில் கறுப்பாக ஒரு வட்டம். மேலேயே இன்னொன்று. காற்றில் யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். அடுத்தவர் வந்தார்.

"மேடம், கையை மேல தூக்குங்க."

தூக்கினாள். இரண்டையும், பத்து விரலும் தெரிய, போனுக்கு நேராக. இயந்திரம் நன்றி சொன்னது. சொன்னது. சொன்னது. கடைசியில் சோடாபுட்டியின் படம் வந்து நின்றது.

"பத்தும் விழுந்துடுச்சு" என்றார் மேனேஜர். குரலில் பெரிய நிம்மதி. "உங்க கை ரெண்டும் எனக்கு முன்னால இருக்கு. பதிவு தானா விழுது. அப்ப அது உங்க விரல் இல்லையே மேடம். அந்தாளுங்களே அங்க வந்து நின்னுட்டு விளையாடறாங்க. ரேகை அவங்களோடதுதான். கவுன்டருக்குத்தான் வேற யாரையோ அனுப்பியிருக்காங்க. நான் அப்பவே நினைச்சேன்."

"இங்க யாரும் இல்ல சார்."

"கடுதாசியை நான் பாக்கவே இல்லைன்னு வச்சுக்கறேன். ஃபைலை மூடுங்க. உங்க ஆர்டர் நாளைக்கு வந்துடும்."

போன் இருண்டது. அவள் சுண்டுவிரலைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. இயந்திரத்தில் வைத்தாள். மீண்டும் முயலவும் என்றது. மோதிரவிரல். மீண்டும் முயலவும். ஒவ்வொன்றாகப் பத்தையும் வைத்தாள், துடைத்து வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள், ஊதி வைத்தாள். பின்னால் யாரோ பொறுமையில்லாமல் தொண்டையைக் கனைத்தார்கள்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கனைப்பு அவளைக் கடந்து ஷெட் பக்கம் போனது.

இரும்புக் கதவு திறந்திருந்தது. சாவி இடுப்பில் இருந்தது.

உள்ளே இருட்டு. மழைச் சத்தம் அங்கே இல்லை. வேறு சத்தம் இருந்தது, அடியிலிருந்து ஏறி வரும் ஒரு உறுமல், பாதத்தில் தொடங்கிப் பல்லில் முடிந்தது. கண் பழகியது. முதலில் தரை தெரிந்தது. சக்கரங்கள் நின்ற இடங்களில் நான்கு நான்காகப் போல்ட் துளைகள். வேறொன்றும் இல்லை. எல்லாம்தான் லாரியில் போய்விட்டதே.

துளைகளுக்கு முன்னால் முதுகுகள்.

பத்து. வரிசையாக. அவரவர் இடத்தில். தலை குனிந்து, முழங்கையை விலாவில் ஒடுக்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஒன்றின்மேல் எதையோ அழுத்திப் பிடித்திருந்தார்கள். தோள்கள் அதிர்ந்தன. ரேடியோ பேசவில்லை. சாரத்திலிருந்து விழுந்தவனின் இடுப்பு ஒரு பக்கமாகத் தொங்கியது, அவனும் நின்றிருந்தான். மாப்பிள்ளை கடைசியில். அவன் காலடியில் இரண்டு பிள்ளைகளின் செருப்பு.

அவர்கள் கைகளிலிருந்து ஏதோ உதிர்ந்தது. மாவு போல. நிற்காமல்.

யாரும் கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது.

"போட்டாச்சா அக்கா?" சோடாபுட்டியின் குரல். திரும்பாமலே கேட்டார். "இன்னிக்கும் வருகை போட்டுட்டீங்கல்ல?"

போட்டாச்சு அண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் வலது கையை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அந்தக் கையில் விரல்கள் முதல் கணு வரைக்கும்தான் இருந்தன. ரத்தமில்லை. நுனிகள் மினுங்கின.

அவருக்குப் பக்கத்தில் நான்கு துளைகள். முன்னால் ஆள் இல்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிடி வழுக்கியது. கால் ஒன்று முன்னால் போனது. இன்னொன்று. துளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். முழங்கைகள் தாமாக விலாவில் ஒடுங்கின. கைகள் முன்னால் நீண்டன. இழுத்தாள். வரவில்லை.

விரல்களின் கீழே ஏதோ சுழன்றது. வெதுவெதுப்பாக இருந்தது. வலிக்கவில்லை.

குனிந்து பார்த்தாள். தன் பத்து விரல் நுனியிலிருந்தும் பொன் நிறத்தில் தூள் உதிர்ந்து, தரையில், சின்னச் சின்னதாகப் பத்துக் குவியல்களாகச் சேர்ந்துகொண்டிருந்தது.